அணைக்காத இன்ஜின்

உக்காருங்க சார், ஜன்னலோரமாவே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம் போதும். என்ன, எப்பக் கெளம்பும்னு பாக்குறீங்களா? கெளம்பிருச்சு சார். கெளம்பி ரெண்டு கடை தாண்டிருச்சு. இதுக்குச் சத்தமே வராது, கரண்டு பஸ்ஸு. பொணத்தத் தூக்கிட்டுப் போறப்பக்கூட நம்ம பக்கம் கொட்டு உண்டு, இதுக்கு அதுவும் இல்ல. வண்டின்னா காலுக்குக் கீழ அதிரணும். அதிரலைன்னா அது ஓடுதா நிக்குதான்னு மனுசனுக்கு எப்படித் தெரியும்?

கோர்ட்டுக்கா? நானும் அங்கதான். உங்களுக்கு என்ன, எடத்துக் கேசா? ம். நமக்கு அடிதடி. அடிதடின்னு நான் சொல்றேன், போலீசுக்காரய்ங்க கொலை முயற்சின்னு எழுதி வச்சிருக்காய்ங்க. அதுவும் திட்டம் போட்டுச் செஞ்சதாம். இப்ப ஜாமீன்ல வெளிய இருக்கேன். அட, தள்ளி உக்காராதீங்க சார். நான் கை ஓங்குற ஆளே இல்ல. கெழக்கு வாசல் லாரி ஸ்டாண்டுல வந்து பால்ச்சாமி எப்பேர்ப்பட்ட ஆளுன்னு கேளுங்க, சொல்லுவாய்ங்க.

இன்னிக்கு என் தங்கச்சி சாட்சிக் கூண்டுல ஏறப்போறா. வீரஜோதின்னு பேரு. எங்கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். அடிபட்டது அவ புருசன் கூடலிங்கம். அடிச்சது நான். வக்கீல் சொல்லிட்டாரு: "பால்ச்சாமி, உன் தங்கச்சி ஒரு வார்த்தை உன் பக்கம் சொன்னா கோவத்துல நடந்துபோச்சுன்னு பேசி வெளிய கூட்டியாந்துருவேன். மாத்திச் சொன்னா என்னால ஆகாதுப்பா"ன்னு. அதான் காலையிலயே குளிச்சு, கோயிலுக்குப் போயி, நெத்தியில இந்தத் துன்னூறு. அவ என் பக்கம்தான் சொல்லுவா. அண்ணனாச்சே. தோள்ல தூக்கி வளத்தவன்.

இந்த வெனையெல்லாம் தை மாசம் ஆரம்பிச்சது. எங்க ஸ்டாண்டுக்கு முன்னாடி, பாலத்து எறக்கத்துல, ரோட்டுக்குக் குறுக்க பச்சைப் பெயிண்டுல ஒரு கோடு போட்டாய்ங்க. கோட்டுக்கு அங்குட்டு பசுமை மண்டலமாம். கோயிலச் சுத்தி உள்ள தெரு பூராம், பூ மார்க்கெட்டு, காய்கறி மார்க்கெட்டு எல்லாம் உள்ள. பழைய டீசல் வண்டி பகல்ல உள்ள போகக்கூடாது. போனா தூணு மேல இருக்குற கேமரா நம்பர் பிளேட்டப் படம் புடிச்சு அபராதத்த போனுக்கே அனுப்பிரும். வெளியூருல இருந்து வர்ற சரக்க நாங்க கோட்டுல எறக்கணும், கரண்டு ஆட்டோக்காரன் உள்ள கொண்டுபோவான். ஊரு பூராம் சுத்துன வண்டி, வாசப்படியில நிக்கணும்.

தொறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. நல்லா பேசுனாரு, பொய் சொல்லக் கூடாது. உலகம் சூடாகுது, மழை தப்பிப் பெய்யுது, வைகாசில அடிக்கிற வெயிலு பங்குனியிலயே அடிக்குது, அதுக்கெல்லாம் காரணம் இந்தப் புகைதான், இன்னும் பத்துப் பதினஞ்சு வருசத்துல நம்ம ஊரு இவ்வளவு கரிப்புகையக் கொறைக்கிறதா உலகத்துக்கு வாக்குக் குடுத்திருக்குன்னாரு. நான் கூட்டத்துல இருந்தே கேட்டேன், "ஐயா, கோட்ட ரோட்டுலதான போட்டிருக்கீங்க? ஆகாசத்துல போடலையே?" எல்லாரும் சிரிச்சாய்ங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே அடுத்த பேப்பரப் புரட்டுனாரு.

சொல்லுங்க சார், நான் கேட்டது தப்பா? கோட்டுக்கு அங்குட்டு ஒரு பெரிய லைட்டு போர்டு வச்சிருக்காய்ங்க. உள்ள காத்து எம்புட்டு சுத்தம்னு பச்சை எழுத்துல ஓடும், பக்கத்துல ஒரு சிரிச்ச மூஞ்சி. இத்தனை டன்னு கரி மிச்சம்னு வேற. மிச்சமான கரி எங்க போச்சு? இந்தா இங்குட்டு, எங்க தெருவுல நிக்குது. ஊருல உள்ள பழைய வண்டி பூராம் கோட்டுல வந்து வரிசை கட்டி உறுமிக்கிட்டு நிக்குது. கொடியில காயப்போட்ட வேட்டி சாயந்தரம் எடுக்கைல கருத்துருது. உலகத்துக்கு வாக்குக் குடுத்தவரு எங்க தெருவ உலகத்துல சேக்கல போல.

என் வண்டியா? மினி லாரி. சோணைச்சாமி துணைன்னு முன்னாடி எழுதியிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே வந்த வண்டி. வீட்டுக்காரி போயிட்டா, அவ அம்மா வீட்டுக்கு, அது வேற கதை. வண்டி போகல. இன்ஜின் அப்படி இருக்கும். ஒரே ஒரு கொறை, பேட்டரி. சாவியத் திருகுனா 'கிளுக்'குங்கும், அம்புட்டுத்தான். நாலு பேரு தள்ளுனாத்தான் புடிக்கும். அதனால நான் விடியக்காலைல ஒரு தடவ தள்ளி எடுத்தேன்னா பொழுதடையிற வரைக்கும் அணைக்கவே மாட்டேன். சரக்கு எறங்குனாலும் சரி, நான் சாப்புடப் போனாலும் சரி, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். புது பேட்டரி போட்டுத் தொலைக்க வேண்டியதுதானன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாய்ங்க. பேட்டரிய மாத்துனா வண்டிக்கு வயசாயிருச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா சார்? அதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்காய்ங்க எல்லாரும்.

மொத நாளு சங்கதி சொல்றேன். கோட்டுல கழுத்துல கார்டு மாட்டுன கார்ப்பரேசன் ஆளு ஒருத்தன் கைய நீட்டி மறிச்சான். என் வண்டிய. பானெட்ட வேற தட்டுறான். எறங்கிப் போயி கன்னத்துல ஒரு தட்டுத் தட்டுனேன். அது அடியில்ல சார், தட்டு. அவன் தடுமாறிப் போயி இரும்புத் தடுப்புல விழுந்தான், வாயில ரத்தம். அந்தத் தடுப்ப அங்க வச்சது நானா?

அப்புறம் ஒரு நாளு கேமராவக் கல்லால அடிச்சு ஒடச்சோம். ஒடச்சோம்னா, ஸ்டாண்டுப் பயலுக ஒடச்சாய்ங்க. நான் கல்லு பொறுக்கிக் குடுத்தேன். மறு வாரமே புதுசு மாட்டிட்டாய்ங்க, அதைவிடப் பெருசா.

கோட்டுக்கிட்ட ஒரு பொம்பள வடைக்கடை போட்டிருந்துச்சு. என் வண்டிப் புகை பால்ல கருப்பா விழுகுதாம், எண்ணெயில மெதக்குதாம். ஒரு நாளு பத்துப் பேருக்கு முன்னாடி கரண்டியக் காட்டிப் பேசுனா. பொம்பளையாச்சேன்னு பொறுத்துப் பொறுத்துப் பாத்து, அடுப்ப எட்டி ஒதச்சேன். அடுப்பத்தான் சார், ஆள இல்ல. எண்ணெ அவ கால்ல கொட்டிருச்சு. தோலு காலுறை கழட்டுற மாதிரி வந்துருச்சுன்னு சொன்னாய்ங்க. நான் பாக்கல. எனக்கு அதெல்லாம் பாத்தா மயக்கம் வரும், எளகுன மனசு.

கோட்டுல வண்டிக் கணக்கெடுக்குற சாவடி ஒண்ணு இருக்கு, அதுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், எஸ்தர்னு. நல்ல புள்ள. நம்மள அண்ணேன்னுதான் கூப்புடும். எப்பப் பாத்தாலும் கொக்கு கொக்குன்னு இருமிக்கிட்டே இருக்கும். என் வண்டி அந்தச் சாவடிக்கு முதுகக் காட்டித்தான் நிக்கும், தெனமும் பாப்பேன், இருமிக்கிட்டேதான் இருக்கும். ஒடம்பு வாகு அப்படி. எங்க குலசாமி கோயில் துன்னூறு கொண்டுபோய்க் குடுத்தேன்.

இப்ப கூடலிங்கத்துக்கு வர்றேன். மாப்ள எங்கூடக் கிளீனரா இருந்தவன் சார். என் வண்டில தார்ப்பாய் கட்டுனவன். பய நல்லவன்னுதான் தங்கச்சியக் குடுத்தேன். சித்திரை மாசம் ஒரு நாளு, மானியத்துல கரண்டு ஆட்டோ ஒண்ண எடுத்துட்டு வந்து என் முன்னாடியே நிப்பாட்டுறான். பச்சைக் கலரு, உள்ள என் தங்கச்சி ஜோதி போட்டா ஒட்டியிருக்கு. "மச்சான், சாவிய நீங்கதான் தொட்டுக் குடுக்கணும்"ங்குறான். நான் வாங்கி சாக்கடையில எறிஞ்சேன். அவன் குனிஞ்சு கைய முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி எடுத்துக் கழுவிக்கிட்டான்.

எங்க ஸ்டாண்டுக்காரய்ங்க விடுவாய்ங்களா? அன்னிக்குச் சாயந்தரமே அவன மறிச்சு எறக்கி, ரப்பர் ஓஸால போட்டு எடுத்துட்டாய்ங்க. சீட்டக் கிழிச்சு, கண்ணாடிய ஒடச்சு. அவன் மச்சான் மச்சான்னு கத்துனான். நான் தொடல. சத்தியமாத் தொடல. டீ குடிச்சுக்கிட்டு நின்னேன். நடுவுல போயிருந்தா என்னையும்ல கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லியிருப்பாய்ங்க.

அடி வாங்குனவன் மறுநாளு வரமாட்டான்னு நெனச்சேன். வந்தான். ஒரு கண்ணு வீங்கி மூடியிருக்கு, வந்து என் வண்டிக்குப் பின்னாடி ஆட்டோவ ஒட்டி நிப்பாட்டி, "மச்சான், இன்னிக்குச் சரக்கு என்ன?"ங்குறான். எந்த ஆட்டோக்காரனும் என் வண்டிச் சரக்க எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாய்ங்க, என் வாய்க்குப் பயந்து. இவன் மட்டும்தான் எடுப்பான். மார்க்கெட்டுல கடைக்காரய்ங்க, பால்ச்சாமி வண்டி வேணாம், வேற புது வண்டி பாக்குறோம்னு சொன்னப்ப இவன்தான் போயி என்னமோ பேசி என்னைய விடாம வச்சிருந்தானாம். நானா கேட்டேன்? என் பொழப்புக்கு இவன் சிபாரிசா? அதைக் கேள்விப்பட்ட அன்னிக்கே எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.

அதோட விட்டானா? தெனமும் ஒரே பாட்டு. "மச்சான், வண்டிய ஆஃப் பண்ணுங்க மச்சான். சும்மாதான நிக்குது." எஸ்தர் இருமுதாம். தெருவுல குழந்தைகளுக்கு மூச்சு இழுக்குதாம். "நான் உள்ள புகை இல்லாம ஓட்டி என்ன மச்சான் புண்ணியம், நீங்க இங்க எனக்கும் சேத்து விட்டுக்கிட்டு இருக்கீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். அந்தச் சிரிப்புத்தான் சார். கோவமாச் சொன்னாக்கூட நான் பொறுத்துக்குவேன். நான் சொல்லுவேன், "மாப்ள, அணைச்சா நீயா வந்து தள்ளுவ?" தள்ளுறேன்னுவான். தள்ளவும் செய்வான். ஆனா எத்தனை நாளைக்கு ஒருத்தன் தள்ளி இன்னொருத்தன் ஓட்டுறது? எனக்குன்னு ஒரு இது இல்லையா?

இப்ப ஆயுத பூஜைக்கு வர்றேன். நல்லாக் கேளுங்க, கேசே இதுலதான் இருக்கு.

காலையில வண்டியெல்லாம் கழுவி, வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, ஸ்டாண்டு சும்மா கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. லாரிக்காரன், ஆட்டோக்காரன் எல்லாரும் அன்னிக்கு ஒண்ணாத்தான் கும்புடுவோம். பகையெல்லாம் அன்னிக்குக் கெடையாது. நான்தான் மூத்தவன், சந்தனக் கிண்ணம் என் கையில. ஸ்பேனரு, தராசு, வெளக்கமாறு வரைக்கும் பொட்டு வச்சுக்கிட்டே வந்தேன். நிமிந்து பாத்தா தூணு மேல கேமரா. எல்லாம் ஜொலிக்குது, அது மட்டும் மூளியா நிக்குது. எனக்கு மனசு கேக்கல சார். வருசம் பூராம் வெயில்லயும் மழையிலயும் முழிச்சுக்கிட்டு நிக்கிதே, அதுவும் ஒரு ஆயுதம்தான?

லாரி கேபின் மேல ஏறுனேன். கீழ இருந்து எஸ்தர் கத்துது: "அண்ணே, கண்ணாடில வச்சுராதீங்கண்ணே, தூணுல வைங்க!" நான் சொன்னேன், "தாயி, பொட்டு நெத்தியிலதான் வைக்கணும். இதுக்கு நெத்தி எங்க இருக்கு? ஒத்தக் கண்ணு மட்டும்தான இருக்கு." எல்லாரும் சிரிச்சாய்ங்க. நான் மூணு வெரலால நல்லாக் கொழைச்சு, கண்ணாடி மேல அகலமாச் சாத்தி, நடுவுல குங்குமம் வச்சு, ஒரு மொழம் பூவும் சுத்துனேன். மனசார வச்சேன் சார். அதும்மேல இருந்த கோவமெல்லாம் அன்னிக்கோட போயிருச்சு.

இதைத்தான் போலீசு என்னன்னு எழுதியிருக்குத் தெரியுமா? 'சம்பவத்துக்கு முன்பாகவே கேமராவைத் திட்டமிட்டு மறைத்து'ன்னு எழுதியிருக்கு. சந்தனம் வச்சது சதியாம்! சாமி கும்புட்டதுக்குத் தண்டனை குடுக்குற ஊர எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அந்த ரெக்கார்டப் போட்டுப் பாத்தா வெறும் மஞ்சளாத்தான் தெரியுதாம், நடுவுல செவப்பு. சத்தமும் கெடையாது. நான்தான் சார் அதுல நட்டப்பட்டவன். கேமரா தெளிவா இருந்தா எவன் ஆயுதத்தோட வந்தான்னு உலகத்துக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆமா, ஆயுதத்தோடதான் வந்தான். சொல்றேன்.

சூடம் ஏத்துற நேரம். எல்லா வண்டியும் அணைச்சிருக்கு, என் வண்டி ஓடுது. அணைச்சா எப்படி எடுக்குறது? பூஜை முடிஞ்சதும் சக்கரத்துக்கு அடியில வச்ச எலுமிச்சம்பழத்து மேல வண்டி ஏறிப் போகணும். பழம் நசுங்காத வண்டிக்கு வருசம் பூராம் கேடு. அதனால ஓடட்டும்னு விட்டேன். கூடலிங்கம் கிட்ட வந்தான். "மச்சான், சாமி கும்புடுற நேரத்துக்காச்சும் ஆஃப் பண்ணுங்க. சூடமே தெரியல, உங்க புகைதான் தெரியுது." நான் அணைக்கல. அவன் சன்னல் வழியா கைய விட்டு இன்ஜின அணைக்கிற ஸ்டாப்பரப் புடிச்சு இழுத்துட்டான்.

இழுத்துட்டான் சார். என் வண்டியில. என்னைய வச்சுக்கிட்டு.

பொசுக்குன்னு அடங்கிருச்சு. ஒரு நிமிசம் மணிச்சத்தம் அம்புட்டுத் தெளிவாக் கேட்டுச்சு. எல்லாரும் கும்புட்டாய்ங்க. நானும் கையக் கூப்பிக்கிட்டுத்தான் நின்னேன், ஆனா என் காதுக்குள்ள வேற சத்தம். பூசணிக்காய ஒடச்சாய்ங்க, குங்குமத் தண்ணி ரோட்டுல சிதறுச்சு. அப்புறம் ஒவ்வொரு வண்டியா எடுத்தாய்ங்க. அந்தக் கரண்டு ஆட்டோவெல்லாம் பூனை மாதிரி வந்து பழத்து மேல ஏறிச்சு, பச்சக், பச்சக். அவனோடதும் ஏறிச்சு.

என் முறை. சாவியத் திருகுறேன். கிளுக். மறுபடி. கிளுக். சோணைச்சாமின்னு கும்புட்டுத் திருகுறேன். கிளுக். மொத ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் அத்தனை பேரும். "பெருசு, வண்டிக்குப் பழத்தக் கண்டு பயமா?"ங்குறான் ஒருத்தன். நான் கீழ எறங்கித் தள்ளுங்கடான்னு சொல்றேன், சிரிப்புல ஒருத்தனுக்கும் கை வரல. நாலு பழமும் நாலு சக்கரத்துக்கு அடியில என்னையப் பாத்துக்கிட்டு முழுசா இருக்கு.

அப்பத்தான் அவன் அவனோட ஆட்டோவுக்குப் போயி, திரும்பி வர்றான். கையில இரும்பு. சிரிச்சுக்கிட்டே வர்றான் சார். ஸ்பேனர்தான், சின்னதுதான், ஆனா இரும்பு இரும்புதான? நேரா என் வண்டிக்கிட்ட வந்து, பேட்டரிப் பெட்டிக்கு முன்னாடி நான் நின்னுக்கிட்டு இருக்கேன், என்னையப் பாத்து, "மச்சான், கொஞ்சம் நகருங்க"ங்குறான். என் வண்டி. என் ஸ்டாண்டு. நான் நகரணுமாம்!

ஜாக்கி லிவர், டயரு மாத்துற இரும்புக் கம்பி, என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அது சீட்டுக்கு அடியில கெடக்கும். கதவத் தொறந்து, சீட்டத் தூக்கி, சாக்க வெலக்கித்தான் எடுக்கணும். எப்படியோ வந்துருச்சு. அவன் அதுக்குள்ள குனிஞ்சிருந்தான். குனிஞ்சு என் வண்டிய என்னமோ பண்றான். பின்னந்தலையில ஒரு தட்டு.

தேங்கா ஒடையிற சத்தம். நான் தேங்காதான் யாரோ ஒடைக்கிறாய்ங்கன்னு நெனச்சேன். அவன் சக்கரத்துல சாஞ்சு, திரும்பி, கைய இப்படி மூஞ்சிக்கு நேரா வச்சான். அடிக்க வர்றான்னு நெனச்சேன். கையில ஒண்ணு. மணிக்கட்டு தொங்கிருச்சு. அப்புறம் விழுந்துட்டான். விழுந்தப்புறமும் நான் அடிச்சேன்னு எஸ்தர் சொல்லியிருக்கு. கண்ணால பாத்தேன், நிறுத்தவே இல்லைன்னு கூண்டுல ஏறி அழுதுக்கிட்டே சொல்லிச்சு. துன்னூறெல்லாம் குடுத்தேன் அதுக்கு. விழுந்தப்புறம் நான் அடிச்சது அவன இல்ல சார், அந்தச் சிரிப்ப. அது இன்னும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ரோடு பூராம் பூசணிக்காச் செவப்பு. எது குங்குமம் எது ரத்தம்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு ஆளு வழுக்கி விழுந்து எந்திரிச்சுக் கைய மோந்து பாத்தான். அதுக்கப்புறம்தான் கத்தவே ஆரம்பிச்சாய்ங்க. என்னைய நாலு பேரு புடிச்சுத் தூணோட சேத்து அமுக்குனாய்ங்க, எனக்கும் ரெண்டு விலா எலும்பு போச்சு, அதை யாரு கேக்குறா? நான் அப்பவும் சொன்னேன், "டேய், என் வண்டில ஏத்துங்கடா, பெருசு, நீட்டிப் படுக்க வைக்கலாம்"னு. எடுத்தாத்தான? அவன் ஆட்டோலயே அவன ஏத்துனாய்ங்க. பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, செம வெயிட்டு. அதை எறக்கி ரோட்டுல வச்சுட்டு அவனப் போட்டுக்கிட்டுப் போனாய்ங்க. அப்பவும் அந்த ஆட்டோ சத்தமில்லாமத்தான் போச்சு.

பொழச்சுக்கிட்டான். பேச்சு வரல, வலது கை வரல. கண்ணு மட்டும் சுத்திச் சுத்திப் பாக்குமாம். ஜோதிதான் ஊட்டி விடுறா.

அந்தப் பெட்டியா? போலீசு பிரிச்சுப் பாத்திருக்கு. உள்ள புது பேட்டரி. பெட்டி மேலயே சந்தனப் பொட்டு வச்சு, ஒரு எலுமிச்சம்பழத்தையும் கயித்துல கட்டி வச்சிருக்கான். கேசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஜோதிக்கிட்டயே குடுத்துட்டாய்ங்க. அவனுக்கு எதுக்கு அந்தப் பேட்டரின்னு எனக்கு வெளங்கவே இல்ல. புது ஆட்டோ, அதுக்கு என்ன கொறை?

ஜோதி ஜெயிலுக்கு ஒரே ஒரு தடவ வந்தா சார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னா. அழுவான்னு பாத்தேன், வைவான்னு பாத்தேன், ஒண்ணுமில்ல. என் மூஞ்சியப் பாத்து, "அண்ணே, அந்தப் பேட்டரிய என்னண்ணே செய்யிறது?"ன்னா. அம்புட்டுத்தான். போயிட்டா. புருசன அந்த நெலமையில பாத்துப் பாத்துப் புத்தி கலங்கிருச்சு பாவம். அண்ணன் உள்ள கெடக்குறான், வந்து பேட்டரியப் பத்திக் கேக்குறா பாருங்க.

இந்தா, இதுதான் சார் கோடு. பாத்தீங்களா, நம்மள ஒண்ணும் சொல்லல, கரண்டு பஸ்ஸுல்ல. கேமராவ நல்லாத் தொடச்சு வச்சிருக்காய்ங்க இப்ப. அந்த வடைக்கடை மட்டும் திரும்ப வரல. என் வண்டி நிக்கிற எடம் பாருங்க, காலியாக் கெடக்கு, ஸ்டேசன்ல துருப்புடிக்குது அது. எஸ்தர் இன்னிக்கு...

என்ன கேட்டீங்க?

அந்தப் பேட்டரியா? அது கரண்டு ஆட்டோவுக்குச் சேராது சார். அதுக்கு வேற மாதிரி, சீட்டுக்கு அடியிலயே வச்சுப் பூட்டியிருப்பான். இது பன்னெண்டு வோல்ட்டு, பெருசு. வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. டீசல் வண்டிக்குப் போடுறது. அவன்ட்ட டீசல் வண்டி ஏது?

வேற யாருக்கு வாங்குவான், அவனுக்கு யாரு இருக்கா?

இல்ல சார். நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு அவனத் தெரியாது. அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தான், நான்தான பாத்தேன். ஸ்பேனர எடுத்துக்கிட்டு நேரா பேட்டரிப் பெட்டிக்கிட்ட வந்து... நகருங்க மச்சான்னு...

அந்தப் பழம். அது எதுக்கு சார் பெட்டியில கட்டணும்?

அந்தா நிக்கிறா பாருங்க. கோர்ட்டு கேட்டுக்கிட்ட, நீலச் சேலை. என் தங்கச்சி. பஸ்ஸத்தான் பாக்குறா. அவ கூண்டுல ஏறி என் மூஞ்சியப் பாத்து அதையேதான கேப்பா. ஜட்ஜு முன்னாடி. அதையேதான கேப்பா சார்?

நீங்க எறங்குங்க. எறங்கிப் போங்க, உங்களுக்கு நேரமாகும். நான் இன்னொரு ஸ்டாப்பு போயிட்டு நடந்து வந்துக்கிறேன். கடைசி ஸ்டாப்பா? இல்ல, இன்னும் போகும். போய்க்கிட்டுத்தான இருக்கு? ஏன் சார் எல்லாரும் எந்திரிக்கிறாங்க? இது ஓடுதா, நிக்குதா? சொல்லுங்க சார், எனக்கு ஒண்ணுமே தெரியல.